கணுக்கால் மட்டம்

காலை ஆறு மணிக்கு ஆற்றை எழுதுவேன்.
கன்னடியன் கால்வாய்த் தலைமதகு,
கல்லில் வெட்டின அடிக்கணக்கு,
பாசி பிடித்த நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
தண்ணீர் எங்கே நாக்கை வைத்திருக்கிறதோ, அது.
பொதுப்பணித்துறை நோட்டு. இருபத்தாறு வருசம்.

அதற்கும் முன்னால், ஐந்தரைக்கு, இன்னொன்று.
ஒன்றுக்குப் போய்விட்டு வெறும்வயிற்றில்
அதே கைலியோடு எடை மிஷின்மேல் நிற்பேன்.
உலகம்மா டார்ச் அடித்து எண் சொல்லுவாள்.
ஜாக்கெட் அளவெடுக்கிற டேப்பைக்
கணுக்காலில் சுற்றுவாள்.
இடது இருபத்தாறரை. வலது இருபத்தேழு.
சாயங்காலம் அளந்தால் கூடும் என்பதால்
காலையில் மட்டும்.

முதல்முதலாக ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
டாக்டரம்மா பெருவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்தி
எடுத்தார்.
குழி அப்படியே நின்றது,
தொளி அடித்த வயலில்
கொக்கு கால் வைத்துப் போன இடம் மாதிரி.
மூன்று பேருமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
புரதம் என்றார், கிரியாட்டினின் என்றார்.
உள்ளே ரெண்டு மதகும் துரு ஏறிவிட்டது என்று
நானாக எடுத்துக்கொண்டேன்.
எனக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

நாளைக்கு ஒரு லிட்டர்.
ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு
ஒரு லிட்டர்.
பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்,
மோரும் காப்பியும் அதற்குள்தான்.
நீர் மாத்திரை காலையில். ராத்திரிக்குப் போட்டால்
தூக்கம் முழுக்கக் கொல்லைக்குப் போய்விடும்.
கால் உயர்ந்து கிடக்க உலகம்மா ஒரு தலையணை தைத்தாள்,
வெட்டுத்துணி அடைத்து.
யார் யார் கல்யாணப் பட்டின் மிச்சமோ,
அதன்மேல் என் ரெண்டு குதிகாலும்.

சொக்காரர் ஒருத்தர் எளநி கொண்டுவந்தார்.
'ரெண்டு குடியும்வே, எல்லாம் இறங்கிரும்.'
வேண்டாம் என்று ரத்தப்பரிசோதனைச் சீட்டு சொன்னது.
வாழைத்தண்டுச் சாற்றையும் அவரே குடித்துவிட்டுப் போனார்.
கால்கடுப்புக்கு மெடிக்கல்காரன் நீட்டின மாத்திரையை
உலகம்மா அவன் மேஜையிலேயே வைத்தாள்.
'கடுப்பு எங்க வீட்லயே இருக்கட்டும்.'

ஐப்பசியில் கல்லிடைக்குறிச்சியில் கொழுந்தியாள் மகள் கல்யாணம்.
அந்த ஊர் அப்பளத்தை
இலையில் வைத்துக்கொண்டு
எவன் சும்மா இருப்பான்.
மூன்று. அப்புறம் நார்த்தங்காய்.
அப்புறம் இன்னொன்று, உலகம்மா கைகழுவப் போனபோது.

அறுபத்தொன்று புள்ளி நாலு.
மறுநாள் அறுபத்திரண்டரை.
அதற்கும் மறுநாள் அறுபத்துமூன்று புள்ளி ஆறு.
செருப்பு வார் ஏறவில்லை.
மேலே பாபநாசத்தில் திறந்துவிட்டார்கள்,
ஆறும் என்கூடவே ஏறியது.

ராத்திரி படுத்தால் மூச்சு நிற்கவில்லை.
எழுந்து உட்கார்ந்தால் வருகிறது,
படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ பலகை இறக்குகிறார்கள்.
'விடியட்டுமே' என்றேன்.
'ஆத்துக்கு இப்பிடிச் சொல்லுவீயளா?'
அவள் ஏற்கெனவே சேலை மாற்றியிருந்தாள்.
மழையில் ஆட்டோ வீரவநல்லூரைத் தாண்டும்போது
வலதுபக்கம் கால்வாய் நிறைந்து ஓடுகிற சத்தம் கேட்டது.
யார் பலகையைத் தூக்கியிருப்பார்கள் என்று
அந்த மூச்சிலும் யோசித்தேன்.

ஊசி போட்டார்கள்.
விடிவதற்குள் ரெண்டரை லிட்டர்.
அளவுபோட்ட குடுவையில் பிடித்து
நர்ஸ் உயர்த்திப் பார்த்து எழுதிக்கொண்டாள்,
கண்மட்டத்துக்கு நேரே வைத்து, முறைப்படி.
எனக்கு அது மரியாதையாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்து வேலைக்குப் போனேன்.
ஓவர்சியர் நோட்டைத் திருப்பினவர்
ஒரு வரியில் நிறுத்தினார்.
'மந்திரம், என்னவே இது? கார்த்திகை ரெண்டு, ஆறு மணி,
இருபத்தைந்து முக்கால்?'
இருபத்தைந்து அடி வந்தால்
திருநெல்வேலியே கிடையாது.
'வலது காலு சார்' என்றேன்.
சிவப்பு மையால் அடித்துவிட்டு
ஓரமாக என்னவோ எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மதகுக்கட்டையில் உட்கார்ந்து
காலைக் கைப்பிடிச் சுவர்மேல் நீட்டினேன்.
நானே பெருவிரலால் அழுத்தி,
எடுத்து,
எண்ண ஆரம்பித்தேன்.
நேற்று பதினாறில் மூடின குழி.
பதினொன்றில்
எங்கே அழுத்தினேன் என்று
தேடிக்கொண்டிருந்தேன்.